ராத்திரி பகல் ஓடும் சர்வருக்கு லாட்ஜ் வாடகை எதற்கு? சென்னையின் சிறு மென்பொருள் நிறுவனர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நிறுவனர்களுக்கு,

வணக்கம். கிண்டியிலும் பெருங்குடியிலும் அம்பத்தூரிலும் இருபது பேர், ஐம்பது பேரை வைத்துச் சொந்தமாக மென்பொருள் செய்து விற்கிறீர்களே, உங்களுக்குத்தான் இந்த மடல். பெரிய கம்பெனிகளில் கிளவுட் செலவை, அதாவது அமேசான் போன்றவர்களிடம் வாடகைக்கு எடுத்து இன்டர்நெட் வழியாகப் பயன்படுத்தும் சர்வர் கம்ப்யூட்டர்களின் செலவை, கவனிக்கவே தனியாக ஆள் இருப்பார்கள். உங்கள் ஆபீசில் சர்வர் பார்க்கும் ஒருவர், அக்கவுன்ட்ஸ் பார்க்கும் ஒருவர், அப்புறம் நீங்கள். மாதம் பிறந்த முதல் வாரத்தில் பில் வருகிறது. சர்வர் பார்ப்பவருக்கு அதில் உள்ள ஒவ்வொரு வரியும் புரியும், ஆனால் எதையும் முடிவு செய்ய அதிகாரம் கிடையாது. அக்கவுன்ட்ஸில் இருப்பவர் பணம் கட்டுகிறார், அவருக்கு அந்த வரிகள் புரியாது. நீங்கள் கடைசிப் பக்கத்துத் தொகையைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறீர்கள். மூன்று மேசைக்கும் நடுவில் அந்த பில் அநாதையாகக் கிடக்கிறது.

இதை எழுத ஒரு காரணம் இருக்கிறது. 2019இல் நான் வேலை பார்த்த நிறுவனத்தில் செலவைக் குறைக்க வேண்டும் என்று மூன்று டெஸ்டர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். அவர்களில் ஒருவர் என் எதிர் சீட்டில் இருந்த பெண். திண்டிவனத்தில் இருந்து வந்து, தங்கையின் காலேஜ் ஃபீஸைக் கட்டிக்கொண்டிருந்தார். அவர் போன அடுத்த வாரம் சர்வர் பட்டியலைச் சரிபார்க்க உட்கார்ந்தேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு வாடிக்கையாளருக்கு டெமோ காட்டுவதற்காக ஏற்றிய ஒரு பெரிய சர்வர் அதில் ஓடிக்கொண்டிருந்தது. அந்த வாடிக்கையாளர் எங்களிடம் வாங்கவே இல்லை. டெமோ முடிந்த நாளில் இருந்து அதற்குள் யாரும் நுழையவில்லை. மாத வாடகையைக் கணக்குப் போட்டேன், அந்தப் பெண்ணின் சம்பளத்தைவிடக் கொஞ்சம் அதிகம். தினமும் காலையில் நான் பார்க்கிற பட்டியல் அது. அதில் அந்த சர்வரின் பெயர் இருந்தது, இது எதற்கு என்று நான் கேட்கவில்லை. இன்றுவரை அது எனக்கு உறுத்துகிறது. அதனால் ஒன்று மட்டும் கேட்கிறேன்: ஆளைக் குறைப்பதற்கு முன்னால் மணிக்கணக்கு வாடகையைக் குறையுங்கள்.

மணிக்கணக்கு வாடகை என்று எதைச் சொல்கிறேன்? 2007இல் நான் சென்னைக்கு வந்தபோது முதல் இரண்டு நாள் எழும்பூரில் ஒரு லாட்ஜில் தங்கினேன், மூன்றாம் நாள் திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷனுக்குப் போய்விட்டேன். வேலை கிடைத்தாயிற்று, இந்த ஊரில்தான் இருக்கப் போகிறோம் என்று தெரிந்த பிறகு தினவாடகை கொடுத்து யார் லாட்ஜில் இருப்பார்கள்? மேன்ஷன்காரர் அட்வான்ஸ் கேட்பார், இத்தனை மாதம் இருப்பாயா என்று கேட்பார், அதற்குப் பதிலாக வாடகை பாதிக்கும் கீழே வரும். உங்கள் டேட்டாபேஸ் சர்வர் நான்கு வருடமாக ஒரு நிமிடம்கூட அணையாமல் ஓடுகிறது. இன்னும் அது லாட்ஜில்தான் இருக்கிறது.

அமேசான் 2006இல் சர்வர்களை மணிக்கு இவ்வளவு என்று வாடகைக்கு விட ஆரம்பித்தது. ஆன்-டிமாண்ட் என்று பெயர். வேண்டும்போது எடு, வேண்டாதபோது விடு. இரண்டு நாள் சோதனைக்கும் தீபாவளி விற்பனைக்கும் அற்புதமான ஏற்பாடு. ஆனால் ஒரு புது சர்வரை ஏற்றும்போது நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் விழுகிற விலையும் இதுதான். நீண்ட நாள் ஓடும் சர்வர்களுக்காக 2009இல் ரிசர்வ்டு இன்ஸ்டன்ஸ் வந்தது, 2019 நவம்பரில் சேவிங்ஸ் பிளான் வந்தது. ஒரு வருடமோ மூன்று வருடமோ இவ்வளவு பயன்படுத்துகிறேன் என்று வாக்குக் கொடுத்தால் விலை இறங்கும். அமேசானிலும் மைக்ரோசாஃப்டின் அசூரிலும் விளம்பரப்படுத்தும் உச்சத் தள்ளுபடி 72 சதவீதம். உச்சம் என்றால் மூன்று வருடம், குறிப்பிட்ட வகை சர்வர், அமேசானில் முழுப் பணமும் முன்னால். முன்பணம் எதுவும் இல்லாமல் ஒரு வருடத்துக்கு எடுத்தால் நான் வழக்கமாகப் பார்ப்பது கால் பங்கில் இருந்து மூன்றில் ஒரு பங்கு வரை. கூகுளில் சில வகை சர்வர்களுக்கு மாதம் முழுக்க ஓடினாலே தானாக 30 சதவீதம் வரை கழிவு கிடைக்கும், வாக்குக் கொடுத்தால் அதற்கும் மேல்.

இதெல்லாம் உங்கள் சர்வர் ஆளுக்குத் தெரியும். பிறகு ஏன் செய்யவில்லை? ஒரு வருட ஒப்பந்தத்தில் கைவைக்க அவருக்குப் பயம். நாளைக்கு ஒரு வாடிக்கையாளர் போய்விட்டால், யார் உன்னை வாங்கச் சொன்னது என்று கேட்பீர்களே என்று பயம். ஆன்-டிமாண்டில் மாதம் ஒரு லட்சம் வீணானால் யாரும் அவரைக் கேட்க மாட்டார்கள், ஒப்பந்தத்தில் பத்தாயிரம் வீணானால் கேள்வி வரும். அவர் நிலையில் நான் பல வருடம் இருந்திருக்கிறேன். இந்த முடிவை எடுக்க வேண்டியவர் நீங்கள், அவரால் முடியாது.

போன வருடம் கிண்டியில் ஒரு நிறுவனத்துக்குப் போனேன். சம்பளக் கணக்கு மென்பொருள் செய்கிறார்கள், வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் திருப்பூர் பனியன் கம்பெனிகள். அக்கவுன்ட்ஸ் அம்மா பதினான்கு பக்க பில்லைப் பிரின்ட் எடுத்து ஸ்டேப்ளர் போட்டு வைத்திருந்தார், கடைசித் தொகையைச் சிவப்புப் பேனாவால் சுற்றி. 6,40,000 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி. ஒப்பந்தம் ஒன்றுகூட இல்லை, எல்லாமே மணிக்கணக்கு.

நான் முதலில் கேட்டது பில்லை இல்லை, சர்வர்கள் எந்நேரம் எவ்வளவு வேலை செய்கின்றன என்று காட்டும் சி.பி.யூ. வரைபடத்தை. இரண்டு மாதத்துக்கு விரித்துப் பார்த்தால் கதையே தெரிந்தது. வாரம் முழுக்க ஒரே தரைமட்டம். சனிக்கிழமை தோறும் மத்தியானத்தில் ஒரு மேடு, ஏனென்றால் திருப்பூரில் வாரச் சம்பளம் சனிக்கிழமை. அப்புறம் மறுபடி தரைமட்டம். அந்தத் தரை ஒரு நாளும் கீழே போகவில்லை. வாக்குக் கொடுக்க வேண்டியது அந்தத் தரைக்கு மட்டும்தான். மேடு மணிக்கணக்கிலேயே இருக்கட்டும், அதற்காகத்தானே மணிக்கணக்கு இருக்கிறது.

ஆனால் அன்றைக்கே ஒப்பந்தம் போட விடவில்லை. இந்த இடத்தில்தான் நிறையப் பேர் தவறு செய்கிறார்கள். தேவைக்கு இரண்டு மடங்கு பெரிய சர்வரை வைத்துக்கொண்டு, அதன் மீதே ஒரு வருட ஒப்பந்தம் போட்டால், வீணுக்கும் ஒரு வருடம் வாக்குக் கொடுத்த கதை. முதலில் வீட்டைக் கூட்டிப் பெருக்க வேண்டும். எந்த சர்வரிலும் மாட்டாத டிஸ்க்குகள் கிடந்தன. சர்வரை அழித்தாலும் டிஸ்க் தானாக அழியாமல் தங்கிவிடுவது உண்டு. 2021இல் எடுத்த ஸ்னாப்ஷாட்கள், அதாவது டிஸ்க்கின் நகல்கள், இருந்தன. இன்டர்நெட்டில் ஒரு சர்வரைக் கண்டுபிடிக்க உதவும் பொது ஐ.பி. முகவரிகள், யாரும் பயன்படுத்தாதவை பதினொன்று. 2024 பிப்ரவரியில் இருந்து அமேசான் ஒவ்வொரு பொது ஐ.பி.வி.4 முகவரிக்கும் மணிக்கு அரை சென்ட் வாங்குகிறது, மாதம் மூன்றரை டாலருக்குச் சற்று மேல். சின்னத் தொகைதான், சேர்ந்தால் தெரியும். பழைய ஜிபி2 வகை டிஸ்க்குகளைப் புதிய ஜிபி3 வகைக்கு மாற்றினோம். கிகாபைட்டுக்கு 20 சதவீதம் விலை குறைவு, சர்வரை நிறுத்தாமலே மாற்றலாம். 2020 டிசம்பரில் வந்த வசதி இது. இத்தனைக்கும் சேர்த்து மாதம் 38,000 குறைந்தது.

அப்புறம் டெஸ்டிங் சர்வர்கள். ஒரு மாதத்துக்கு 730 மணி நேரம். ஆபீசில் ஆள் இருப்பது திங்கள் முதல் வெள்ளி வரை காலை எட்டில் இருந்து இரவு ஒன்பது வரை என்று தாராளமாக வைத்தாலும் 286 மணி நேரம்தான் வருகிறது. மீதி நேரமெல்லாம் காலி ஆபீசில் ஃபேன் ஓடுகிற மாதிரி. ராத்திரி அணைத்துக் காலையில் ஏற்ற ஒரு சின்ன ஸ்கிரிப்ட் போதும். 90,000 ஆக இருந்தது 35,000 ஆயிற்று. ஒரு எச்சரிக்கை: அமேசானே பராமரித்துத் தரும் 'நிர்வகிக்கப்படும் டேட்டாபேஸை' நிறுத்தி வைத்தால் ஏழு நாளில் அது தானாக எழுந்துவிடும். நிறுத்திவிட்டோம் என்று நம்பிக்கொண்டு மாதக்கணக்கில் பணம் கட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவதாக அளவு. இதில்தான் நாள் பிடித்தது. டேட்டாபேஸுக்கு 64 ஜி.பி. மெமரி வைத்திருந்தார்கள். ஏன் என்று கேட்டேன். 2020இல் ஒரு நாள் மெதுவாக இருந்ததாம், அப்போதிருந்தவர் இரண்டு மடங்காக்கிவிட்டுப் போய்விட்டாராம். அந்த மெதுவுக்குக் காரணம், டேட்டாபேஸிடம் கேட்கும் ஒரே ஒரு கேள்விக்கு (குவெரிக்கு) விடையைச் சட்டென்று தேடித் தரும் இன்டெக்ஸ் இல்லாதது. அங்கே வேலை செய்த பெண் பிறகு அதைச் சரிசெய்துவிட்டார், ஆனால் சர்வரைத் திருப்பிச் சிறிதாக்க யாரும் சொல்லவில்லை. 32 ஜி.பி.க்கு இறக்கினோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிகாலை, திருப்பூர் தூங்கும்போது. மறு சனிக்கிழமை மேட்டைப் பார்த்துவிட்டுத்தான் எல்லாருக்கும் மூச்சு வந்தது. சி.பி.யூ.வை மட்டும் பார்த்து அளவைக் குறைக்காதீர்கள், மெமரியைப் பாருங்கள். அமேசானில் மெமரி அளவு தானாகத் தெரியாது, சர்வருக்குள் அதை அளந்து சொல்லும் ஏஜென்ட் என்ற சின்ன மென்பொருளைப் போட வேண்டும். இதற்காக இரண்டு வாரம் காத்திருந்தோம். சரி, அதற்குப் பலனாக மாதம் 70,000 இறங்கியது.

கடைசியாகத்தான் ஒப்பந்தம். மிஞ்சிய தரைமட்டம் மாதம் ஏறக்குறைய 2,80,000. அதில் முக்கால் பங்கை, அதாவது 2,10,000 ரூபாய் வேலையை மட்டும் ஒரு வருடத்துக்கு, முன்பணம் இல்லாமல் எடுத்தோம். 28 சதவீதம் கழிவு கிடைத்தது, 59,000 மிச்சம். மொத்தத்தில் 6,40,000 ரூபாய் பில் 4,18,000க்கு வந்தது. மென்பொருளில் ஒரு வரிகூட மாற்றவில்லை.

ஏன் முக்கால் பங்கு மட்டும்? சேவிங்ஸ் பிளானில் மணிக்கு இத்தனை டாலர் என்று வாக்குக் கொடுக்கிறோம். ஒரு மணி நேரத்தில் அதைப் பயன்படுத்தாவிட்டால் அந்தப் பணம் போனதுதான், அடுத்த மணிக்கு ஏறாது. அதனால் தரைக்குக் கொஞ்சம் கீழேயே நிற்பது நல்லது. மூன்று மாதம் கழித்து மீண்டும் பார்த்து, போதாவிட்டால் இன்னொரு சிறிய ஒப்பந்தத்தை மேலே அடுக்கிக்கொள்ளலாம். எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்கினால் ஒரே நாளில் முடியும், முடிந்த அன்று சத்தமில்லாமல் பழைய விலைக்குப் போய்விடும். யாரும் போன் செய்து சொல்ல மாட்டார்கள். தேதியைக் காலண்டரில் குறித்துவையுங்கள். நான் போகும் இடங்களில் ஆயுத பூஜை வாரத்தில் இதைப் பார்க்கச் சொல்கிறேன். கம்ப்யூட்டருக்குச் சந்தனம் குங்குமம் வைக்கிற அன்றைக்கு அந்த நினைப்பு தானாக வரும்.

வாக்குத் தொகையைக் குறிப்பதில் ஒரு பள்ளம் இருக்கிறது, படித்தவர்களே விழுகிறார்கள். அந்தத் தொகை கழிவு போன பிறகு வரும் விலையில் கணக்காகிறது. உங்கள் தரை ஆன்-டிமாண்டில் மணிக்கு 4 டாலர் என்றால், 28 சதவீதம் கழித்து 2.88 டாலருக்குத்தான் வாக்குக் கொடுக்க வேண்டும். 4 டாலர் என்று போட்டுவிட்டால் மணிக்கு 1.12 டாலர் காற்றில் போகும், மாதம் 800 டாலருக்கு மேல். தவறாக வாங்கிவிட்டால் ஏழு நாளுக்குள் திருப்பித் தரலாம், வாக்கு மணிக்கு 100 டாலருக்குள் இருக்க வேண்டும், அதே காலண்டர் மாதத்துக்குள்ளும் இருக்க வேண்டும். ஆகவே 30ஆம் தேதி வாங்காதீர்கள், மாத ஆரம்பத்தில் வாங்குங்கள். ரிசர்வ்டு இன்ஸ்டன்ஸை வேண்டாதபோது சந்தையில் விற்றுவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அமேசானின் இந்திய நிறுவனம் வழியாகக் கணக்கு வைத்திருப்பவர்களுக்கு விற்கும் வசதி கிடையாது. அசூரில் பன்னிரண்டு மாதத்தில் 50,000 டாலர் வரை ரிசர்வேஷனைத் திருப்பித் தர விடுகிறார்கள், அது நல்ல வசதி. இன்னொன்று, சர்வர்களுக்கான கம்ப்யூட் சேவிங்ஸ் பிளான் டேட்டாபேஸ் சேவையைக் கவனிக்காது. நிர்வகிக்கப்படும் டேட்டாபேஸுக்கு ஒப்பந்தம் தனி, அதை மறந்துவிடுகிறார்கள்.

வாடிக்கையாளர் போய்விட்டால் என்ன செய்வது என்ற உங்கள் பயத்துக்கும் கணக்கு இருக்கிறது. 28 சதவீதக் கழிவில், அந்த சர்வர் பன்னிரண்டு மாதத்தில் ஒன்பது மாதம் ஓடினாலே நீங்கள் தோற்கவில்லை. நான்கு வருடமாக ஓடும் டேட்டாபேஸ் இன்னும் ஒன்பது மாதம் ஓடாது என்று நினைக்கிறீர்களா? மூன்று வருட ஒப்பந்தத்தை மட்டும் சிறு நிறுவனங்களுக்கு நான் சொல்வதில்லை. கழிவு கூடுதல்தான், ஆனால் மூன்று வருடத்தில் உங்கள் தொழில் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியாது. காலியாகக் கிடப்பதை மலிவாக விடும் ஸ்பாட் சர்வர் 90 சதவீதம் வரை மலிவு என்று யாராவது ஆசை காட்டினால், இரண்டு நிமிட அறிவிப்பில் பிடுங்கிக்கொள்வார்கள் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். ராத்திரி ரிப்போர்ட் தயாரிக்க அது போதும், டேட்டாபேஸுக்கு ஆகாது.

சொந்த சர்வரே வாங்கிவிடலாமே என்று சிலர் கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. நம் ஊர் ஜோஹோ சொந்த டேட்டா சென்டர்களில்தான் ஓடுகிறது. அமெரிக்காவில் 37சிக்னல்ஸ் என்ற மென்பொருள் நிறுவனம் 2022இல் கிளவுடை விட்டு வெளியேறுவதாக அறிவித்தது. அந்த வருடம் அவர்களின் கிளவுட் பில் 32 லட்சம் டாலர், ஏறக்குறைய 7 லட்சம் டாலருக்கு டெல் சர்வர் வாங்கினார்கள், பில் 13 லட்சம் டாலருக்கு இறங்கியது. ஆனால் அவர்களிடம் சர்வர் பார்க்க அனுபவப்பட்ட ஒரு குழு முன்பே இருந்தது. ஒன்பது சர்வரும் ஒரே ஆளும் வைத்திருக்கும் உங்களுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். 2015 டிசம்பரை நினைத்துப் பாருங்கள். ஈக்காட்டுத்தாங்கலில் அடையாறு ஆபீஸ் வாசலுக்கு வந்தபோது, நாங்கள் நான்கு பேர் செல்போன் வெளிச்சத்தில் ரேக்கில் இருந்து சர்வர்களைக் கழற்றி மூன்றாம் மாடிக்குத் தூக்கினோம். தரைத்தளத்து யூ.பி.எஸ். பேட்டரிகள் மூழ்கிப்போயின. அடுத்த ஜூனில் அமேசான் மும்பையில் கடை திறந்ததும் உங்களில் பலர் ஓடிப்போய்ச் சேர்ந்தீர்கள். நல்ல முடிவு. தண்ணீர் வரும்போது சர்வர் மும்பையில் இருக்கிறது என்ற நிம்மதிக்கு விலை கொடுக்கலாம். ஆனால் அந்த நிம்மதியை ஒன்பது வருடமாக லாட்ஜ் விலைக்கு வாங்கிக்கொண்டிருக்கத் தேவையில்லை.

ரூபாயையும் மறக்கக் கூடாது. பில் ரூபாயில் வந்தாலும் விலை டாலரில்தான் நிர்ணயமாகிறது. 2018 தொடக்கத்தில் டாலர் 64 ரூபாய் அளவில் இருந்தது, 2024 முடிவிலேயே 85ஐத் தாண்டிவிட்டது. ஒரு சர்வர்கூடக் கூடாமல் உங்கள் பில் மூன்றில் ஒரு பங்கு ஏறியிருக்கிறது. உங்கள் வாடிக்கையாளர் அம்பத்தூரிலோ திருப்பூரிலோ இருந்து ரூபாயில் கொடுக்கிறார், அவரிடம் விலையை அவ்வளவு ஏற்ற முடியாது.

அதனால் உங்களிடம் நான் கேட்பது இதுதான். உங்கள் சர்வர் ஆளுக்கு மாதம் அரைநாள் இதற்கென்று ஒதுக்குங்கள், அந்த அரைநாளில் வேறு வேலை எதுவும் கொடுக்காதீர்கள். ஒரு வருட ஒப்பந்தத்துக்கான முடிவு என்னுடையது, கணக்குத் தப்பினாலும் உன்மேல் பழி இல்லை என்று ஒரு மெயிலில் எழுதிக் கொடுங்கள். அந்த ஒரு மெயில் இல்லாமல்தான் பல ஆபீஸ்களில் இந்த வேலை வருடக்கணக்காக நிற்கிறது.

அடுத்த பில் வந்ததும் மூன்று பேரும் ஒரே மேசையில் உட்காருங்கள். பிரின்ட் எடுத்து, ஒவ்வொரு வரிக்கும் இது யாருக்காக ஓடுகிறது என்று சத்தமாகக் கேளுங்கள். பதில் வராத வரிக்குப் பக்கத்தில் சிவப்புப் பேனாவால் கோடு போடுங்கள். அதை பேக்கப் எடுத்து நிறுத்திவிட்டு இரண்டு வாரம் பாருங்கள், யாரும் போன் செய்யவில்லை என்றால் அழித்துவிடுங்கள். ஒரு மத்தியானம் போதும்.

இப்படிக்கு,
உங்கள் ஊரில் பதினெட்டு வருடமாக சர்வர் பார்க்கும் ஒருவன்